மெத்தைக்கு அடியில் மக்களின் நிலம்

தில்லியின் நட்சத்திர விடுதி ஒன்றில் ஓர் இரவு தங்குபவர் விலை கொடுத்து வாங்குவது அறையை மட்டுமன்று. தம் இருப்பால் விளையும் வேலை எதையும் கண்ணால் காணாமல் இருக்கும் உரிமையையும் சேர்த்தே வாங்குகிறார். அவர் காலையில் வெளியே சென்று மாலையில் திரும்பும்போது படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இருக்காது. குளியலறைக் கண்ணாடியில் நீர்த்துளி தங்கியிருக்காது. துவாலைகள் மடிப்புக் கலையாமல் அடுக்கப்பட்டிருக்கும். இவற்றைச் செய்தவர் எவர் என்பது விருந்தினருக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதைத்தான் அந்தத் தொழில் ‘சேவையின் தரம்’ என்று அழைக்கிறது.

புறப்படும் நாளில் கைக்கு வரும் ரசீதில் அறை வாடகை, உணவு, சலவை, வரி என ஒவ்வொன்றும் தனித்தனியே அச்சிடப்பட்டிருக்கும். எனினும் மூன்று கணக்குகள் அதில் முழுமையாக இடம்பெறுவதில்லை. ஆளும் வர்க்கம் அந்த விருந்தினருக்கும் விடுதி முதலாளிக்கும் காட்டிய வரிச்சலுகை முதலாவது. அறையைத் துடைத்தவரின் கூலி இரண்டாவது. அந்தக் கட்டடம் எழுந்து நிற்கும் மண் யாருடையது என்பது மூன்றாவது. இம்மூன்றையும் கூட்டிப் பார்க்காமல் ‘வளரும் இந்தியாவின் விருந்தோம்பல்’ என்ற முழக்கத்தின் பொருளை அறிய முடியாது.

வரிச்சலுகை யாருக்கு?

2017 ஜூலையில் ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபோது, நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள விடுதி அறைகளுக்கு 28 சதவீத வரி விதிக்கப்பட்டது. வசதி படைத்தோரின் நுகர்வுக்குக் கூடுதல் வரி என்ற கோட்பாடு பெயரளவிலேனும் அதில் இருந்தது. இரண்டு ஆண்டுகளைச் சற்றே தாண்டிய நிலையில், 2019 செப்டம்பர் 20 அன்று கோவாவில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் அந்த வரியை 18 சதவீதமாகக் குறைத்தது. அதே நாளில், அதே கோவாவில் வைத்துத்தான் ஒன்றிய நிதியமைச்சர் கார்ப்பரேட் வருமான வரியின் அடிப்படை விகிதத்தை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்து அறிவித்தார். அந்த அறிவிப்பால் ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருவாய் இழப்பு ஏற்படும் என்பது அரசே சொன்ன கணக்கு.

அடுத்த காட்சி 2022 ஜூலை 18. நாள் வாடகை 1,000 ரூபாய்க்கு உட்பட்ட அறைகளுக்கு அதுவரை வரியே இல்லை. பரீட்சை எழுத வரும் மாணவர், எய்ம்ஸ் மருத்துவமனைக்கு நோயாளியை அழைத்துவரும் குடும்பம், சரக்கு வாங்க வரும் சிறு வணிகர் ஆகியோர் ஒதுங்கும் அறைகள் அவை. அன்று முதல் அவற்றுக்கு 12 சதவீத வரி விதிக்கப்பட்டது. உறையிட்டு முத்திரையிட்ட அரிசி, மாவு, தயிர் ஆகியவற்றின் மீது 5 சதவீத வரி விழுந்ததும் அதே நாளில்தான். நட்சத்திர விடுதியின் அறைக்கு 10 புள்ளிகள் குறைப்பு; லாட்ஜ் அறைக்கு 12 புள்ளிகள் கூடுதல். மோடி அரசின் வரிக் கொள்கையை விளக்க இதைவிடச் சுருக்கமான எடுத்துக்காட்டு தேவையில்லை.

2025 செப்டம்பரில் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு வரி 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டதைப் பெரும் கொடையாக அரசு கொண்டாடியது. ஆனால் 1,000 ரூபாய்க்கு உட்பட்ட அறைக்கு 2022 ஜூலைக்கு முன் வரி ஏதுமில்லை என்பதை அந்தக் கொண்டாட்டத்தில் எவரும் நினைவூட்டவில்லை. பறித்ததில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுப்பதற்குப் பெயர் சலுகை என்றால், மீதியைத் தன்னிடமே வைத்துக்கொள்வதற்கு என்ன பெயர்?

கண்ணுக்குத் தெரியாத கைகள்

தில்லியின் பெரிய விடுதிகளில் வேலை செய்வோரில் கணிசமானோர் உத்தராகண்டின் மலைக் கிராமங்களிலிருந்தும், பீகாரிலிருந்தும், கிழக்கு உத்தரப்பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள். கர்வாலிலும் குமாவூனிலும் மலைச்சரிவு நிலம் குடும்பத்தைத் தாங்காதபோது, தலைமுறை தலைமுறையாக இளைஞர்கள் தில்லியின் சமையற்கூடங்களுக்கு இறங்கி வந்திருக்கிறார்கள். சங்கம் விஹாரிலோ புராரியிலோ ஓர் அறையை நான்கு பேர் பகிர்ந்துகொண்டு, வேறோர் அறையில் ஒருவர் தனியே உறங்குவதற்கான மெத்தையை விரிப்பது அவர்களது அன்றாடம்.

அறை சுத்தம் செய்யும் பணியாளருக்கு ஒரு ஷிப்டில் இத்தனை அறைகள் என்று இலக்கு உண்டு. ஒவ்வோர் அறையிலும் கனத்த மெத்தையின் நான்கு மூலைகளையும் தூக்கி விரிப்பைச் செருக வேண்டும்; குனிந்து குளியல் தொட்டியைத் தேய்க்க வேண்டும்; கடும் வேதிப்பொருட்களின் நெடியைச் சுவாசிக்க வேண்டும். முதுகுவலியும் தோள்வலியும் இத்தொழிலோடு கூடவே வருபவை. உணவுப் பிரிவில் ‘பிரேக் ஷிப்ட்’ என்றொரு முறை இருக்கிறது. மதிய விருந்துக்குச் சில மணி நேரம், இரவு விருந்துக்குச் சில மணி நேரம் என்று வேலை வாங்கிவிட்டு, இடையில் உள்ள நேரத்துக்குக் கூலி தராத ஏற்பாடு அது. வீட்டுக்குப் போய்த் திரும்ப முடியாத அந்த இடைவெளியும் தொழிலாளியின் வாழ்நாளில்தான் கழிகிறது.

இவர்களில் எத்தனை பேர் விடுதியின் பட்டியலில் இருக்கிறார்கள்? காவல், துப்புரவு, பாத்திரம் கழுவுதல், சலவை, தோட்டம் ஆகியவை ஒப்பந்ததாரரிடம் போய்ப் பல காலமாகிறது. ஹோட்டல் மேலாண்மை படிக்கும் மாணவர்கள் ‘பயிற்சி’ என்ற பெயரில் சொற்ப உதவித்தொகைக்கு முழுநேரத் தொழிலாளியின் வேலையைச் செய்கிறார்கள். 2025 ஏப்ரல் முதல் தில்லி அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலி, திறன் சாராத் தொழிலாளிக்கு மாதம் 18,456 ரூபாய். திருமணப் பருவத்திலோ, பெரும் மாநாடு நடக்கும் வாரத்திலோ, தில்லியின் முதல்தர விடுதிகளில் ஓர் இரவின் வாடகையே இந்த மாதக் கூலியை விழுங்கிவிடும். ஒப்பந்ததாரர் கழிவு போக அந்தக் குறைந்தபட்சமாவது முழுமையாகக் கைக்கு வருகிறதா என்பது, சங்கம் இல்லாத இடத்தில் கேட்கத் துணியாத கேள்வி.

2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இந்த நிலையை மேலும் மோசமாக்குகின்றன. ஒப்பந்தத் தொழிலாளர் குறித்த சட்டப் பாதுகாப்பு முன்பு 20 பேர் இருந்தாலே பொருந்தியது. இனி 50 பேர் இருக்க வேண்டும். நிறுவனத்தின் மையப் பணியில் ஒப்பந்த முறை கூடாது என்று ஒரு வரி எழுதிவிட்டு, அந்தப் பணி வழக்கமாக ஒப்பந்ததாரர் வழியே நடப்பதாக இருந்தால் தடையில்லை என்று அடுத்த வரியில் வாசலைத் திறந்துவைத்திருக்கிறார்கள். குறித்த காலப் பணிநியமனம் எல்லாத் தொழில்களுக்கும் சட்டபூர்வமாகிவிட்டது. வேலைநிறுத்தம் செய்ய 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். மாநாட்டு வாரத்தில் ஊழியரின் கோரிக்கைக்கு இருக்கும் சிறிய பலத்தையும் இது பறிக்கிறது.

2023 செப்டம்பரில் ஜி20 உச்சி மாநாட்டுக்கு வந்த தலைவர்கள் தில்லியின் நட்சத்திர விடுதிகளில் தங்கினர். அவர்கள் செல்லும் பாதையில் இருந்த குடிசைப் பகுதிகள் பச்சைத் திரையிட்டு மறைக்கப்பட்டன. வசந்த் விஹாரை ஒட்டிய ‘கூலி கேம்ப்’ அவற்றில் ஒன்று. விடுதிக்குள் பணியாளரின் உழைப்பை மறைக்கும் ஒழுங்கும், விடுதிக்கு வெளியே அவரது குடியிருப்பை மறைக்கும் திரையும் ஒரே சிந்தனையில் பிறந்தவை.

மண் யாருடையது?

சாணக்யபுரியில் உள்ள அசோக் ஹோட்டல் 1956-இல் திறக்கப்பட்டது. அந்த ஆண்டு யுனெஸ்கோவின் பொது மாநாடு தில்லியில் நடைபெற இருந்தது. உலகெங்கிலுமிருந்து வரும் பிரதிநிதிகளைத் தங்கவைக்க விடுதலை பெற்ற நாட்டின் தலைநகரில் போதிய விடுதி இல்லை. தனியார் மூலதனம் முன்வரும் வரை காத்திருக்காமல், சுமார் 25 ஏக்கர் பரப்பில், 550 அறைகளோடும் தூண்களற்ற பெரும் மாநாட்டு மண்டபத்தோடும் அரசே அதைக் கட்டியது. 1966-இல் இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம், அதாவது ஐடிடிசி, உருவானது. தனியார் முதலீடு செல்லத் தயங்கிய கஜுராஹோவுக்கும் புத்தகயைக்கும் விடுதிகளைக் கொண்டுசென்றது அந்தப் பொதுத்துறை நிறுவனம்தான்.

1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக் காலத்தில் தலைநகரின் மையத்திலேயே அசோக் யாத்ரி நிவாஸ் எழுந்தது. குறைந்த வாடகையில் சாதாரணப் பயணி தங்குவதற்கென்று கட்டப்பட்ட விடுதி அது. நாடாளுமன்றத்துக்கு அருகில் எளிய மனிதருக்கும் ஓர் அறை உண்டு என்று அரசு ஒப்புக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. லோதி ஹோட்டலின் உட்லண்ட்ஸ் உணவகம் தில்லித் தமிழர்களுக்கு நன்கு பழக்கமான இடம். அந்த லோதியும் பொதுத்துறையின் விடுதியே.

2001, 2002 ஆண்டுகளில் வாஜ்பாய் தலைமையிலான பாஜக கூட்டணி அரசு இவற்றைக் கூவி விற்றது. கனிஷ்கா, குதுப், லோதி, ரஞ்சித், யாத்ரி நிவாஸ் எனத் தலைநகரின் விடுதிகள் ஒவ்வொன்றாகத் தனியார் கைக்குப் போயின. மதுரை அசோக்கும், மாமல்லபுரத்தில் கடற்கரையை ஒட்டியிருந்த டெம்பிள் பே விடுதியும் அதே பட்டியலில் இருந்தன. கனிஷ்கா இருந்த இடத்தில் பன்னாட்டுப் பெயர் தாங்கிய ஆடம்பர விடுதி நிற்கிறது. லோதி இருந்த இடத்தில் அறையோடு சேர்ந்த தனி நீச்சல் தொட்டி என்ற விளம்பரத்தோடு இன்னொன்று நிற்கிறது. அதே நகரத்தின் சங்கம் விஹாரில் கோடைக்காலத்தில் குடத்தோடு டேங்கர் லாரிக்குக் காத்திருப்பவர்களுக்கு, அந்தத் தொட்டியின் அடியில் இருப்பது தங்கள் நிலம் என்று எவரும் சொல்வதில்லை.

விற்ற விதத்துக்கு மும்பை ஓர் எடுத்துக்காட்டு. ஏர் இந்தியாவின் துணை நிறுவனமான இந்திய ஹோட்டல் கழகத்துக்கு அங்கே இரண்டு சென்டார் விடுதிகள் இருந்தன. விமான நிலையத்தை ஒட்டிய சென்டார் 2002-இல் 83 கோடி ரூபாய்க்கு ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. வாங்கியவர்கள் சில மாதங்களிலேயே அதைச் சகாரா குழுமத்துக்கு 115 கோடி ரூபாய்க்கு விற்றார்கள். இடையில் அங்கே புதிதாக ஒரு மாடி எழவில்லை. 32 கோடி ரூபாய் மட்டும் பொதுமக்களின் கணக்கிலிருந்து நழுவி வேறொருவர் பையில் விழுந்தது. மத்தியத் தணிக்கைத் துறையும் இந்த விற்பனை முறையைக் குறை கூறியது. ஜுஹு கடற்கரையில் இருந்த மற்றொரு சென்டார் 153 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டு, பின்னர் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. தனியார் திறமை என்று போற்றப்படுவதன் மறுபக்கம் அந்தப் பூட்டிய கதவு.

‘அரசுக்கு ஹோட்டல் எதற்கு?’

இந்தக் கேள்வி எளிய மக்களிடமும் எடுபடக்கூடியது என்பதால் அதை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லாத நாட்டில் அரசு பணக்காரர்களுக்கு மெத்தை விரிக்க வேண்டுமா? வணிகம் செய்வது அரசின் வேலையில்லை என்று 2021 பிப்ரவரியில் பிரதமர் பேசியதும் இதே தொனியில்தான்.

பொதுத்துறை விடுதிகள் குறைகளற்றவையாக இருந்தன என்று எவரும் வாதிட வேண்டியதில்லை. அமைச்சகத் தலையீடு இருந்தது. புதுப்பிப்புக்கு உரிய காலத்தில் பணம் ஒதுக்கப்படவில்லை. அதிகாரிகளின் மெத்தனத்துக்கு ஊழியர்கள் பழி சுமந்தார்கள். ஆனால் கூரை ஒழுகுவதற்குப் பரிகாரம் வீட்டை விற்பதா? ஹோட்டல்களை விற்ற பணத்தில் எந்தப் பள்ளிக்குக் கூரை வேயப்பட்டது என்பதை விற்றவர்கள்தான் சொல்ல வேண்டும். அந்தத் தொகைகள் பற்றாக்குறையை ஓராண்டுக்கு மூடிக் காட்டப் பயன்பட்டன. நிலமோ நிரந்தரமாகப் போனது.

பொது நிலத்தைக் கையில் வைத்திருப்பதன் மதிப்பைத் தில்லியிலேயே காணலாம். மான்சிங் சாலையில் உள்ள தாஜ் விடுதி புதுதில்லி நகராட்சி மன்றத்தின் சொத்து. 33 ஆண்டு உரிமம் 2011-இல் முடிவடைந்த பின்னரும், நீட்டிப்புகளிலும் வழக்குகளிலும் 7 ஆண்டுகள் ஓடின. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2018 செப்டம்பரில் வெளிப்படையான ஏலம் நடந்தபோது, அதே நிறுவனம் மொத்த வருவாயில் 32.5 சதவீதம் தர முன்வந்தது. அதற்கு முன் அது தந்துகொண்டிருந்தது 17.25 சதவீதம். சொத்து பொதுவாக இருந்ததால்தான் நகராட்சி மன்றத்தின் பங்கு ஏறத்தாழ இருமடங்காக உயர்ந்தது. கனிஷ்காவும் லோதியும் இருந்த இடங்களில் நடக்கும் வணிகத்தில் அப்படியொரு பங்கைக் கேட்கும் நிலையில் இன்று எந்தப் பொது நிறுவனமும் இல்லை.

இதே அனுபவத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ‘விற்கவில்லை, குத்தகைக்குத்தான் விடுகிறோம், உரிமை அரசிடமே இருக்கும்’ என்பது இன்றைய ஒன்றிய அரசின் வாதம். 33 ஆண்டுக் குத்தகை முடிந்த பிறகு ஓர் ஏலத்தை நடத்தவே 7 ஆண்டு இழுபறி என்றால், நீண்டகாலக் குத்தகைக்குப் போகும் சொத்து எந்தத் தலைமுறையில் திரும்பி வரும்? காகிதத்தில் உரிமையாளராக இருப்பது வேறு. கட்டுப்பாட்டைக் கையில் வைத்திருப்பது வேறு.

அசோக்கின் முறை

2021 ஆகஸ்ட் 23 அன்று ஒன்றிய நிதியமைச்சர் அறிவித்த தேசியப் பணமாக்கல் திட்டத்தின் இலக்கு 6 லட்சம் கோடி ரூபாய். சாலை, ரயில் நிலையம், மின்கம்பி, கிடங்கு ஆகியவற்றோடு ஐடிடிசியின் 8 ஹோட்டல்களும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. அசோக் அவற்றில் முதன்மையானது. தூதரகங்கள் சூழ்ந்த சாணக்யபுரியில் 25 ஏக்கர் என்றால் ரியல் எஸ்டேட் மூலதனத்தின் நாவில் எச்சில் ஊறாமல் இருக்குமா? ஐடிடிசி அண்மை ஆண்டுகளில் லாபம் ஈட்டி ஈவுத்தொகையும் வழங்கும் நிறுவனம். ஆகவே நட்டம் என்ற பழைய சாக்கு இங்கே செல்லாது. லாபம் தருகிறது என்பதே அதைக் கைமாற்றுவதற்கான காரணமாகியிருக்கிறது.

அசோக் கைமாறினால் போவது கட்டடமும் வருவாயும் மட்டுமன்று. பொதுத்துறை நிறுவனமாக இருக்கும் வரை பட்டியல் சாதியினருக்கு 15 சதவீதம், பழங்குடியினருக்கு 7.5 சதவீதம், பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம் என்ற இடஒதுக்கீடு அங்கே செல்லுபடியாகும். தலித் இளைஞர் ஒருவர் வரவேற்பு மேசையிலும் சமையற்கூடத் தலைமையிலும் அமர்வதற்குச் சட்டம் திறந்துவைத்த வழி அது. தனியார் விடுதியில் அந்த வழி அடைபடும்; துடைப்பம் பிடிக்கும் வேலைக்கு மட்டும் ஒப்பந்ததாரர் அவரைத் தேடி வருவார். சாதி எந்த வேலையை யாருக்கு விதித்ததோ, அதே பங்கீட்டைச் சந்தை இடஒதுக்கீடு இல்லாமலே நிறைவேற்றித் தரும். தனியார்மயத்தை எதிர்ப்பது சமூகநீதிக்கான போராட்டத்தின் பகுதியாகவும் இருப்பது இதனால்தான்.

உழைக்கும் மக்கள் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. அசோக் உள்ளிட்ட ஐடிடிசி விடுதிகள் அனைத்தும் பணமாக்கல் பட்டியலிலிருந்து நீக்கப்பட வேண்டும். ஊழியர் பிரதிநிதித்துவத்துடன் கூடிய நிர்வாகத்தின் கீழ் அவற்றைப் புதுப்பிக்க நிதி ஒதுக்கப்பட வேண்டும். 2001, 2002 விற்பனைகளில் நிலத்துக்கு என்ன மதிப்பு போடப்பட்டது என்பதை ஒவ்வொரு விடுதி வாரியாக நாடாளுமன்றத்தில் வெள்ளை அறிக்கையாக வைக்க வேண்டும். பொது நிலத்தில் இயங்கும் எல்லா விடுதிகளிலும் நிரந்தரத் தன்மையுள்ள வேலைகளுக்கு நேரடிப் பணிநியமனமும், சம வேலைக்குச் சம ஊதியமும் குத்தகை நிபந்தனையாக்கப்பட வேண்டும். 1,000 ரூபாய்க்கு உட்பட்ட அறைகளுக்கு மீண்டும் முழு வரிவிலக்கு அளித்து, ஆடம்பர அறைகளுக்கான வரியை 28 சதவீதத்துக்கு உயர்த்த வேண்டும். ஒவ்வொரு பெருநகரிலும் யாத்ரி நிவாஸ் போன்ற குறைந்த வாடகை விடுதிகளை அரசே கட்ட வேண்டும்.

இவற்றை வென்றெடுக்கும் வலிமை எங்கிருந்து வரும்? மெத்தையின் நான்கு மூலைகளையும் தினமும் தூக்கும் அந்தக் கைகளிலிருந்துதான். நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி, பயிற்சி மாணவர் என்று முதலாளிகள் போட்ட தடுப்புகளைத் தாண்டி அந்தக் கைகள் ஒரே சங்கத்தில் சேர வேண்டும். அசோக்கை விற்க விடமாட்டோம் என்ற குரல் ஹோட்டலின் பின்வாசலில் எழும் நாளில், அதன் முன்வாசலில் ஏலம் கேட்க நிற்பவர்கள் திரும்பிப் போவார்கள்.